நொச்சிக் குப்பி

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் அருமைநாயகத்துக்கு நாற்பத்தெட்டு வயது. முனைவர் பட்டத்துக்காகத் தன்னைவிடப் பத்து வயது இளைய தாட்சாயணியிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். நொச்சி இலைச் சாற்றில் வெள்ளி உப்பைக் கலந்து, கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நுண்துகள் செய்வது அவர் ஆராய்ச்சி. நாலு வருஷமாக மனிதர் நொச்சியும் கையுமாகத்தான் அலைந்தார்.

அன்று காலை ஆய்வகத்துக்குள் நுழைந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மேடம், நொச்சித் துகளைப் போட்டதுல, ஆய்வுத் தட்டுல வளர்த்த புற்றுநோய்ச் செல்லுல நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு செத்துப்போச்சு. ஒரே நாள்ல!"

"நல்லது சார். அடுத்து நல்ல செல்லுல போட்டுப் பாருங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்ல மேடம். எங்க அக்காவுக்கு நாளைக்கு மூணாவது கீமோ. போக வேண்டாம்னு சொல்லிட்டேன். முடியெல்லாம் கொட்டிப்போய்க் கிடக்கா, பாவம். அவளும் சந்தோஷமா சரின்னுட்டா. இதை இன்னைக்கே கொண்டுபோய்க் கொடுத்துருவேன்."

சட்டைப் பையிலிருந்து பழுப்புக் குப்பியை எடுத்துக் காட்டினார்.

தாட்சாயணி திட்டவில்லை. மிச்சமிருந்த தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அதிலும் அதே புற்றுநோய்ச் செல்கள்தான். முதுகைக் காட்டி நின்றபடி எதையோ ஒரு சொட்டு விட்டார். ஐந்து நிமிடம் கழித்துத் தட்டை நுண்ணோக்கியில் வைத்தார்.

"பாருங்க சார்."

அருமைநாயகம் குனிந்தார். தூக்கிவாரிப் போட்டது. ஒரு செல்கூட முழுசாக இல்லை.

"நூத்துக்கு நூறு! என்ன செடி மேடம் இது? எனக்கும் கொஞ்சம் கொடுங்க, அக்காவுக்கு இதையும் சேர்த்து..."

தாட்சாயணி கைகழுவும் தொட்டியோரம் இருந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். குடுவை கழுவுகிற சோப்புத் திரவம். அருமைநாயகம் தினமும் தன் கையால் ஊற்றிக் கழுவுவதுதான்.

அவர் பாட்டிலையும் தன் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டில் செல்லைக் கொல்வதெல்லாம் மருந்தாகிவிடாது; கூடப்பிறந்தவள் வாயில் எதை ஊற்றப் போனோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குப்பியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். "அப்போ இந்தக் குப்பி ஒண்ணுக்கும் ஆகாதா மேடம்?"

"யார் சொன்னா? இன்னும் பத்து வருஷம் சோதிச்சுப் பார்த்துத் தேறிச்சுன்னா, யாரோ ஒரு அக்காவைக் காப்பாத்தலாம். உங்க அக்காவுக்கு நாளைக்குக் காலையில கீமோ. போனை எடுங்க சார்."