அலமாரிக்குள் மணி ஒன்பதேகால்

கீழப்பாறை மில் காலனிக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை முக்கியம். வரிசை தெரியாமல் பேசுகிறவர்கள்தான் எங்களை முட்டாள்கள் என்கிறார்கள்.

முதல் அநீதி, மில் கடிகாரம். காலையில் வேகமாக ஓடி எங்களைத் தாமதக்காரர்கள் ஆக்கும். சாயங்காலம் மெதுவாக ஓடி எங்களை வீட்டுக்கு விடாது. ஆகவே எங்கள் தொழிலாளர் சங்கம் சொந்தமாக ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கியது. சங்கக் கடிகாரம் சொல்வதே நேரம், வேறு எவர் சொல்வதும் நேரமல்ல என்று அன்று போட்ட தீர்மானம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது அநீதி, பொய்ச்சாட்சி. ஆவுடையப்பன் மிஷின் ஓரம் தூங்கினார் என்று, அந்தப் பக்கமே வராத இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். அவருக்கு வேலை போய், நாங்கள் போராடி மீட்டோம். கண்ணால் காணாததைக் கண்டேன் என்று சங்கத்தார் யாரும் சொல்லக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான்.

மூன்றாவது, மில்லை மூடியது. மூடிய நேரத்தில் எங்கள் தூக்குவாளிகள் உள்ளே இருந்தன. இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

நான்காவது, எலக்ட்ரீசியன். சங்கக் கட்டடத்து மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்தார். அவர் போன பிறகு விளக்கை அணைத்தால்தான் விசிறி சுற்றியது. காற்றா வெளிச்சமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது.

ஐந்தாவது, பிளம்பர். சொட்டும் குழாயைப் பார்க்க வந்தார். பார்த்தார். பார்த்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார். குழாய் அவர் முதுகைப் பார்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது அநீதியோடு எங்கள் பொறுமை தீர்ந்தது. தலைவர் கோயில்பிள்ளை, பொருளாளர் பேச்சிமுத்து, உறுப்பினர் ஆவுடையப்பன், செயலாளராகிய நான் ஆகிய நால்வரும் கூடி, இனிப் பழுதுபார்ப்பதும் பூட்டுவதும் நம் கையாலேயே நடக்கும், வெளியாள் கூலி கிடையாது என்று முடிவெடுத்தோம். அன்று வெளிச்சம் தோற்று காற்று ஜெயித்திருந்ததால், இருட்டில் கை தூக்கியவர்களை எண்ண முடியவில்லை. ஏகமனதாக என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வேலை குழாய். பேச்சிமுத்து எங்கிருந்தோ செய்முறை கொண்டுவந்தார். அதன் முதல் வரி, மெயின் வால்வை மூடவும் என்றது. மூடினோம். சொட்டு அந்தக் கணமே நின்றது. ஒரு வரிக்கே இவ்வளவு பலன் இருக்க, மிச்சத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று தாளை மடித்துவிட்டோம்.

"சொட்டு நின்னுட்டு சரி, தண்ணியும்லா நின்னுட்டு" என்று குடத்தோடு வந்து நின்றாள் ஆவுடையப்பனின் மனைவி சண்முகவடிவு.

"மதினி, சொட்டுறதும் தண்ணிதான். ஒண்ணை நிறுத்திட்டு ஒண்ணை விட்டா அது பாரபட்சம்" என்றார் தலைவர்.

அவள் ஆற்றுக்குப் போனாள்.

அடுத்தது கேட்டுக்குப் பெயின்ட். பூசுமுன் நன்றாகக் குலுக்கவும் என்று டப்பாவில் இருந்தது. பூசப்போவது கேட்டுக்கு. ஆகவே நாலு பேரும் கேட்டைப் பிடித்துக் குலுக்கினோம். நன்றாக என்று போட்டிருந்ததால் விடவில்லை. கேட் கீழே விழுந்தது. படுத்திருக்கும் கேட்டுக்கு ஏணி இல்லாமலே பெயின்ட் அடிக்கலாம் என்பதை அன்று கண்டுபிடித்தோம். எந்த வெளியாளும் இதை எங்களுக்குச் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் மில் சொத்தைப் பைசல் செய்ய நியமிக்கப்பட்ட அதிகாரி அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. காலனி வீடுகளை அதில் குடியிருப்பவர்களுக்கே எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். புதன்கிழமை மூன்று மணிக்குச் சங்கக் கட்டடத்தில் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். பெயருக்குரியவர் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் அவரைக் கண்ணால் பார்த்ததாக இரண்டு சாட்சிகள் சொல்ல வேண்டும். கோயில்பிள்ளையும் பேச்சிமுத்துவும் சாட்சிகள், மாற்ற முடியாது; அவர்கள் பெயர் வரும்போது ஒருவருக்கு மற்றவரே போதும். பதிலோ சாட்சியோ தவறினால் அந்த வீடு ஏலத்துக்குப் போகும்.

சண்முகவடிவு அன்று சங்க வாசலுக்கே வந்தாள். "அண்ணாச்சிமாரே, உங்க கூத்தெல்லாம் நான் கேக்க மாட்டேன். புதன்கிழமை இந்த மனுஷன் வாயத் திறந்து இருக்கேன்னு சொல்லணும். எனக்குன்னு இருக்கது அந்த ஒரு வீடுதான்."

"அதுக்கு நாங்க பொறுப்பு" என்றோம் ஒரே குரலில்.

பொறுப்பு வந்ததும் யோசனை வந்தது. நாற்பது வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தால் வைக்க இடம் வேண்டாமா? டவுனில் ஓர் அலமாரி வாங்கினோம். பலகை பலகையாக அட்டைப்பெட்டியில் வந்தது. பூட்டித்தர ஆள் அனுப்பவா என்று கடைக்காரர் கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவர் மறுபடி கேட்கவில்லை.

புதன்கிழமை காலை காப்பி குடித்ததும் வேலை தொடங்கியது. பலகைகளை ஒன்றின் பள்ளத்தில் ஒன்றாகச் செருகி நிமிர்த்திவிட்டோம். பார்க்க அலமாரி மாதிரியே இருந்தது. பிறகு பெட்டியோடு வந்த செய்முறைத் தாளைப் பேச்சிமுத்து படித்தார்.

"உட்புறத் திருகுகளை உள்ளிருந்து இறுக்கவும். கடிகார முள் சுற்றும் திசையில் திருகவும்."

"எந்த முள்ளு வே?" என்றார் தலைவர்.

"அது போடல."

"என் செல்போன்ல கடிகாரம் இருக்கே" என்றேன்.

"அதுல முள்ளு எங்க வே இருக்கு? வெறும் நம்பர்தான. அதுவும் கம்பெனிக்காரன் நேரம்."

சங்கக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம்.

"சின்ன முள்ளு மாசச் சம்பளக்காரன் மாதிரி. நகருதானான்னே தெரியாது" என்றார் பேச்சிமுத்து. "செகண்டு முள்ளு பீஸ் ரேட்டுக்காரன், எண்ணிக்கைக்குத்தான் கூலி. அவசரத்துல வேலையக் கெடுத்துருவான். பெரிய முள்ளுதான் நம்ம ஆளு."

பெரிய முள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

"இப்போ இன்னொரு சிக்கல்" என்றார் தலைவர். "பன்னெண்டுல இருந்து ஆறுக்கு வரும்போது கீழ இறங்குது. ஆறுல இருந்து மேல ஏறுது. ரெண்டும் எதிரெதிர் திசை. இதுல எதை வே நம்புறது?"

மில்லில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டே காலத்தை ஓட்டிய ஆவுடையப்பன், பொறுமைக்குப் பேர்போனவர், எழுந்தார்.

"நான் முள்ளு கூடவே போறேன். அது இறங்கினா நானும் இறங்குதேன். ஏறினா ஏறுதேன். திருப்புளியக் கொண்டாங்க."

தலைவர் அவருக்குத் துண்டு போர்த்தினார். அவர் அலமாரிக்குள் ஏறி நின்றார். கதவின் உட்பக்கம் சட்டை மாட்டும் கொக்கி இருந்தது. கடிகாரத்தை அதில் மாட்டினோம். கதவை மூடினால் முள் தெரியாது என்பதால் ஒரு சின்ன டார்ச் கொடுத்தோம். டார்ச்சில் பேட்டரி இல்லை. புதிது வாங்கினால் செலவு. கடிகாரத்தின் முதுகிலேயே அதே அளவில் ஒரு பேட்டரி சும்மா இருந்தது. அதைக் கழற்றி டார்ச்சில் போட்டோம். வெளிச்சம் பிரமாதமாக வந்தது.

"அடுத்தது, கதவைப் பூட்டிச் சரிபார்க்கவும்" என்று படித்தார் பேச்சிமுத்து. பூட்டினோம். சரியாக இருந்தது.

"சாவியைப் பத்திரமான இடத்தில் வைக்கவும்."

தலைவர் சட்டைப் பையில் ஓட்டை. என் மேசைக்குப் பூட்டு கிடையாது. பேச்சிமுத்து பொருளாளர், ஆகவே அவரிடம் கொடுப்பதில்லை. இந்தக் கட்டடத்திலேயே பத்திரமான இடம் எது என்று யோசித்தால், அலமாரிதான். கதவின் அடி இடுக்கு வழியாகச் சாவியை உள்ளே தள்ளினோம்.

"வந்து சேந்துச்சா வே?"

"சேந்துட்டு. பத்திரமா இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

கடிகாரம் உள்ளே போய்விட்டதால் அதன் பிறகு நேரத்தை அலமாரியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மணி என்ன வே?"

"ஒம்பதேகால்."

அதிகாரி வர நிறைய நேரம் இருந்தது. நாற்காலிகளைத் துடைத்தோம். விசிறியைத் துடைக்குமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பார்கள். மின்சாரம் நம்முடையது அல்ல, மின்வாரியத்தார் அவர்களாக நிறுத்தட்டும் என்று காத்திருந்தோம். அவர்கள் நிறுத்தவில்லை. பேச்சிமுத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்.

"மணி என்ன வே?"

"ஒம்பதேகால்."

"நம்ம கையால வேலை செஞ்சா நேரங்கூட மிச்சமாவுது பாரும்" என்றார் தலைவர். எனக்கும் பெருமையாக இருந்தது.

சண்முகவடிவு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். "எங்க வீட்டுக்காரர எங்க?"

கையைக் காட்டினோம். அவள் அலமாரியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடி அலமாரியைப் பார்த்தாள்.

"என்னங்க, உள்ளயா இருக்கீக?"

"ஆமா வடிவு. முத திருகுல இருக்கேன்."

"காலையில போன மனுஷன் இன்னும் முத திருகுலயா இருக்கீக?"

"முள்ளு இன்னும் கிளம்பல. கிளம்பினதும் கிளம்பிருவேன்."

இட்லி இடுக்கில் நுழையவில்லை. தோசை நுழைந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே, "அண்ணாச்சி, கதவை உடைங்க" என்றாள்.

"உடைச்சா கேரண்டி கிடையாதுன்னு போட்டிருக்கு மதினி. மூணு மணிக்குத்தான அந்த அம்மா வாராக. இப்பத்தான் ஒம்பதேகால்" என்றார் தலைவர்.

"வெயில் மேக்க இறங்குதே, கண்ணு தெரியலையா?"

"வெயில் சங்கத்துக்குக் கட்டுப்பட்டது இல்ல" என்றேன் நான்.

அப்போதுதான் வாசலில் ஜீப் நின்றது. அதிகாரி அம்மா படுத்திருந்த கேட்டைத் தாண்டிக் கவனமாக வந்தார். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாரே என்று நாங்கள் மெச்சினோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

பெயர்கள் படிக்கப்பட்டன. காலனிக்காரர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்று பதில் சொன்னார்கள். சாட்சிகள் பார்த்தோம் என்றார்கள். வீடுகள் கைக்கு வந்துகொண்டிருந்தன. பிறகு அவர் படித்தார்.

"ஆவுடையப்பன்."

"இருக்கேன்மா" என்றது அலமாரி.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "யார் அது?"

"அவருதாம்மா. வேலையில இருக்காரு" என்றார் தலைவர்.

"நேரில் நிற்க வேண்டும்."

"நேராத்தாம்மா நிக்கேன்" என்றார் ஆவுடையப்பன். "உள்ள உக்கார இடமில்ல."

அதிகாரி சாட்சிகளிடம் திரும்பினார். "நீங்கள் அவரைப் பார்க்கிறீர்களா?"

கோயில்பிள்ளை மாசற்ற மனிதர். "இல்லம்மா. அலமாரியத்தான் பாக்கேன்."

"நானும் அலமாரியத்தான்" என்றார் பேச்சிமுத்து.

சண்முகவடிவு தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கூட நின்னு வேலை பாத்த மனுஷன் அண்ணாச்சி. பாத்தேன்னு ஒரு வார்த்தை வரலையா?"

"பாத்தா வரும் மதினி" என்றார் தலைவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அதிகாரி, இந்தப் பெயரைக் கடைசியில் இன்னொரு முறை படிப்பதாகவும், அப்போதும் சாட்சி இல்லையென்றால் வீடு ஏலத்துக்குத்தான் என்றும் சொன்னார். மற்றப் பெயர்கள் முடிந்து, எஞ்சியது நாங்கள் நால்வர்.

சண்முகவடிவு எழுந்து அலமாரியில் வாயை வைத்தாள். "என்னங்க, சாவிய வெளிய தள்ளுங்க."

"முடியாது வடிவு. பத்திரமான இடத்துல இருக்கணும்னு போட்டிருக்கு."

"முப்பது வருஷம் உங்க சம்பளம் என் இடுப்பு முடிச்சுல இருந்துச்சே. ஒரு நாளாவது உங்க கைக்குத் திரும்பி வந்துச்சா?"

உள்ளே யோசிக்கும் சத்தம் கேட்டது. சாவி இடுக்கு வழியாக வெளியே வந்தது.

அவள் கதவைத் திறந்த வேகத்தில் கடிகாரம் கதவோடு வெளியே போய்விட்டது. ஆவுடையப்பன் பதறினார். "முள்ளு தெரியல. இந்நேரம் பாத்துக் கிளம்பிரப் போகுது." அதிகாரி வாயைத் திறக்குமுன் கதவை உள்ளே இழுத்து மூடிக்கொண்டார்.

"அந்தக் கடிகாரத்துலதான் பேட்டரி இல்லையே" என்றாள், கதவு ஆடியபோது கடிகாரத்தின் முதுகைப் பார்த்துவிட்ட சண்முகவடிவு.

"பேட்டரிய அதுல போட்டா டார்ச் எரியாது மதினி. டார்ச் எரியாம முள்ளு ஓடுதான்னு எப்படிப் பாக்க?" என்றார் பேச்சிமுத்து.

தலைவர் கைகட்டி அதிகாரி முன்னால் போனார். "அம்மா, அவரு வெளிய வர முடியாது. ஆனா நாங்க உள்ள போகலாம்லா?"

சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் அவருக்கு நினைவு வரவில்லை போலும். சாட்சிகள் இருவரும் உள்ளே ஏறினார்கள். கதவு மூடப்பட்டது.

"ஆவுடையப்பன்."

"இருக்கேன்மா."

"சாட்சிகள்?"

"பாக்கோம்மா. ரொம்பக் கிட்டத்துல பாக்கோம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். சண்முகவடிவு அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளுக்கு வீடு கிடைத்துவிட்டது. அடுத்து கோயில்பிள்ளை பெயரும் பேச்சிமுத்து பெயரும் படிக்கப்பட்டன. ஒருவர் முழங்கை மற்றவர் வாயில் இருந்ததால் பதில் கொஞ்சம் மழுங்கி வந்தது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எஞ்சியது என் பெயர்.

நான் அதிகாரிக்கு நேரே நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவர் படித்தார். இருக்கிறேன் என்றேன்.

"சாட்சிகள்?"

"இங்க இல்லம்மா அவரு" என்றது அலமாரி.

"வே கோயில்பிள்ளை, என் குரல் தெரியலையா?"

"குரல் தெரியுது வே. ஆள் தெரியலையே. கண்ணால காணாததச் சொல்லக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டாந்தவரே நீருதான?"

என் தீர்மானத்தை எதிர்த்து நான் ஒருநாளும் பேசியதில்லை. சண்முகவடிவு கதவைத் திறந்து பிடித்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினேன். அவள் வெளியிலிருந்து பூட்டினாள். பூட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பதைத் தாளில் அவளும் படித்திருக்கிறாள். சாவி இடுப்பு முடிச்சுக்குள் போகும் சத்தம் கேட்டது.

உள்ளே டார்ச் வெளிச்சத்தில் ஆவுடையப்பன் திருகில் திருப்புளியை வைத்தபடி முள்ளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதேகால். "யாரும் அசையாதீங்க, இப்ப நகரப் போகுது" என்றார் மெதுவாக. நாங்கள் மூவரும் அவரோடு சேர்ந்து முள்ளைப் பார்த்தோம். வெளியே அதிகாரி அம்மா நாற்காலியை அலமாரிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, சாட்சிகள் இருவருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்:

"செயலாளர் தளவாய்மணி."