கூண்டு ஏற்றியாச்சு!

கடலோரத்து அலையாத்திக் காட்டில், ஓடைக்கரையில் வளை தோண்டிக் கீரிக் குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. அப்பாக் கீரியின் பெயர் சூரப்பன். அம்மாக் கீரி மருதாயி. அவர்களுக்கு மூன்று குட்டிகள், கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சூரப்பன் பாதி நேரம் தன் வீரத்தைப் பற்றிப் பேசுவான். மீதி நேரம் தூங்குவான்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, மைனா சொக்கி துறைமுகத்திலிருந்து அலறிக்கொண்டே பறந்து வந்தாள். டீக்கடை வாசலில் சிந்திக் கிடக்கும் பூந்தியைப் பொறுக்க தினமும் அங்கே போகிறவள் அவள். காட்டுக்குச் செய்தி கொண்டுவருவதும் அவள்தான். வாயில் பூந்தியையும் வைத்துக்கொண்டு பேசுவதால் எந்தச் செய்தியும் முழுசாக வந்து சேராது.

“கூண்டு ஏத்திட்டாங்க! துறைமுகத்துல பெரிய கூண்டு ஏத்திட்டாங்க! புள்ளகுட்டியப் பத்திரமாப் பாத்துக்குங்கன்னு மைக்ல கத்துறாங்க!”

“கூண்டா!” சூரப்பனுக்கு வால் மயிர் சிலிர்த்தது. “நம்மளப் பிடிக்கத்தான்! எங்க சித்தப்பா கருவாட்டு வாசத்துக்குப் போயி கூண்டுல மாட்டுனவரு. நம்ம வம்சத்துக்கும் கூண்டுக்கும் ஆகவே ஆகாது!”

உடனே வேலையில் இறங்கினான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே உழைத்தான். வளையை இன்னும் ஆழமாகத் தோண்டினான். நண்டும் நத்தையும் இழுத்து வந்து உள்ளே குவித்தான். வாசலை அடைக்க ஈர மண்ணைப் பிசைந்து வைத்தான். குட்டிகளை வரிசையாக நிற்க வைத்துப் பாடமும் நடத்தினான்.

“கூண்டுக்காரன் வந்து கூப்பிட்டா என்ன செய்யணும்?”

“மூச்சு விட மாட்டோம்!”

“அம்மா குரல்ல கூப்பிட்டா?”

“அப்பவும் மூச்சு விட மாட்டோம்!”

மருதாயிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. “ஏன் சொக்கி, அந்தக் கூண்ட எங்க வச்சிருக்காங்க?”

“உசரமான கம்பத்து உச்சியிலக்கா!”

“கம்பத்து உச்சியிலயா? கீரியப் பிடிக்கிற கூண்ட யாராவது அவ்வளவு உசரத்துல வைப்பாங்களா?”

சொக்கி யோசித்தாள். யோசித்ததும் அவள் முகம் வெளிறிப் போனது. “அய்யய்யோ! அப்ப அது பறவையப் பிடிக்கிற கூண்டா!”

“வா, நேர்ல போயிப் பாத்துடுவோம்” என்றாள் மருதாயி.

“போகாத மருதாயி! சித்தப்பாவும் இப்படித்தான் நேர்ல பாக்கப் போனாரு!” என்று சூரப்பன் கத்தினான். அதற்குள் அவள் புதர் தாண்டிப் போய்விட்டாள்.

துறைமுகத்தில் கம்பத்து உச்சியில் கறுப்பாக ஏதோ தொங்கியது. கீழே யாரும் வலையோடு நிற்கவில்லை. மீனவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரம்மா பெஞ்சுகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். கடை வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு ஸ்டெல்லா, ஒரு அட்டைப் பெட்டியைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தாள்.

“ஏம்மா, அந்தக் கூண்டு யாரைப் பிடிக்க?” என்று மருதாயி கேட்டாள்.

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் அட்டை புரையேறிவிட்டது. “அது புயல் கூண்டும்மா! புயல் வருதுன்னு படகுக்காரங்களுக்குக் காட்டத்தான் ஏத்துறாங்க. அதுக்குக் கதவும் கிடையாது, கருவாடும் கிடையாது!”

“புயலா!”

“ஆமா. சாயங்காலத்துக்குள்ள கடல் ஓடை வழியா உள்ள ஏறிடுமாம். பள்ளத்துல இருக்கவங்க மேட்டுக்குப் போங்கன்னு மைக்ல சொல்றாங்க. நாங்களும் மேட்டுல இருக்குற பள்ளிக்கூடத்துக்குப் போறோம். போன வருஷம் செவுத்துல ஒட்டுன அறிவிப்ப நான் படிக்கிறதுக்கு முன்னாடியே தின்னுட்டேன். கழுத்தளவு தண்ணியில நின்னேன்!”

மருதாயி சட்டென்று திரும்பினாள். ஓடைக்கரை வளை! அதிலும் ஆழமாகத் தோண்டிய வளை! பிள்ளைகள் உள்ளே!

அவள் ஓடிய ஓட்டத்தில் சொக்கியே பின்தங்கிவிட்டாள். காற்று அதற்குள் ஊளையிட ஆரம்பித்திருந்தது. வீட்டு வாசல் மண்ணால் இறுக அடைபட்டிருந்தது.

“என்னங்க! கதவத் திறங்க! அது புயல் கூண்டு! தண்ணி வரப்போகுது!”

உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. பாடம் நன்றாகவே நடந்திருந்தது.

“நான்தான் மருதாயி!”

“பொய்!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் நடுங்கியது. “மருதாயியக் கூண்டுல போட்டுட்டு அவ குரல்ல பேசுறியா? நான் சூரப்பன்டா! ஏமாற மாட்டேன்!”

மருதாயி மண்ணைப் பிறாண்டினாள். அவள் பிறாண்டப் பிறாண்ட, உள்ளேயிருந்து அவன் அடைத்துக்கொண்டே இருந்தான். ஓடைத் தண்ணீர் கரையை எட்டிவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையை முந்திக்கொண்டு கோபமும் வந்தது.

“யோவ்! கல்யாணமான மறுநாளு, பாம்பு உரிச்சுப்போட்ட வெறும் சட்டையப் பாத்துட்டு ஓடிப்போயி மரத்துல ஏறுன கீரி யாருய்யா? இறங்க மாட்டேன்னு ராத்திரி பூரா அங்கேயே உக்காந்திருந்தது யாருய்யா? இந்தக் காடு பூரா கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லட்டுமா?”

மண் கதவு சடாரென்று உடைந்தது. சூரப்பன் தலை வெளியே வந்தது.

“மெதுவாப் பேசு மருதாயி! சொக்கி கேட்டுக்கிட்டிருக்கா!”

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மணல்மேட்டுக்குப் பின்புறம், காற்று அடிக்காத பக்கமாக, தாழம்புதர் வேருக்கடியில் புது வளை தோண்டினார்கள். ஒன்றுக்கு இரண்டு வாசல் வைத்தார்கள். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்தார்கள். சேர்த்து வைத்த நண்டையும் நத்தையையும் பின்னாலேயே இழுத்து வந்தார்கள். தப்பித் தவறிப் பிரிந்துபோனால் எல்லோரும் அந்தப் பெரிய தாழம்புதரடிக்கே வந்துவிட வேண்டும் என்று பேசி வைத்தார்கள். சொக்கி இந்த முறை பூந்தியைத் துப்பிவிட்டு, “கடல் ஏறி வருது! மேட்டுக்கு வாங்க!” என்று காடு முழுக்கத் தெளிவாகச் சொல்லிவிட்டு வந்து அவர்களோடு ஒடுங்கிக்கொண்டாள்.

புயல் வந்தது. ஆடித் தீர்த்தது. உள்ளே குட்டிகள் அப்பா முதுகில் சறுக்கி விளையாடின. சூரப்பன் தன் வீரக் கதையை எடுத்து விட்டான். காற்றின் இரைச்சலில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. புயல் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

விடிந்ததும் பழைய வீட்டைப் பார்க்கப் போனார்கள். வாசல்வரை தண்ணீர் நிறைந்து நின்றது. சூரப்பன் தண்ணீரை எட்டிப் பார்த்தான். பிறகு குட்டிகளை ஒரு முறை முகர்ந்து பார்த்தான்.

“நீ போயிப் பாக்கலேன்னா…” என்றான்.

அப்போது ஒரு குட்டி துள்ளியது. “அப்பா! நம்ம வீட்டுக்குள்ள பூரா இறால்!”

அன்றைக்கு அங்கே நடந்தது கல்யாண விருந்துதான்! சொக்கிக்கும் பங்கு கிடைத்தது. மத்தியானம் அவள் துறைமுகம் போய்விட்டுப் பறந்து வந்தாள். “இறக்கிட்டாங்க! கூண்ட இறக்கிட்டாங்க!”

சூரப்பன் இறாலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“என்ன கூண்டு? எதுக்கு இறக்குனாங்க? வாயில இருக்குறத முழுங்கிட்டு முழுசாச் சொல்லு!”

ஆபத்து வருகிறது என்று கேட்டதும் பதறாமல், என்ன ஆபத்து என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறவர்களின் குடும்பமே பத்திரமாக இருக்கும்.