ராயப்பன் சொன்ன லென்ஸ்

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவிலில் ஜெயசீலி என்றொரு புகைப்படக்காரி இருந்தாள். பெரிய ஸ்டுடியோக்கள் கேட்கும் கூலியைக் கொடுக்க முடியாத குடும்பங்கள் அவளைத்தான் கூப்பிடும். ஞானஸ்நானம், காதுகுத்து, வீட்டோடு முடிகிற நிச்சயதார்த்தம் எல்லாவற்றையும் குறைந்த கூலிக்கு, முகம் கோணாமல் எடுத்துக் கொடுப்பாள். கல்யாணம் மட்டும் அவள் கைக்கு வந்ததில்லை.

அதுவும் ஒருநாள் வந்தது. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து விண்ணரசி என்ற அம்மாள், தன் மகள் கல்யாணத்துக்காக அழைத்தாள். "உன் படம் எனக்குப் பிடிச்சிருக்கு பிள்ளே. ஞாயித்துக்கிழமை வா, பேசி முடிச்சிருவோம்" என்றாள்.

கேமராவோடு வந்த லென்ஸை நம்பி ஒரு கல்யாணத்தை எடுக்க முடியாது. ஜெயசீலி மறுநாளே பழைய கேமரா விற்கும் மைதீன் பாய் கடைக்குப் போனாள். அவளுடைய கேமராவுக்குப் பொருந்துகிற லென்ஸ் இரண்டு இருந்தன. ஒன்று ஐம்பது எம்.எம். மங்கிய வெளிச்சத்திலும் முகத்தைப் பளிச்சென்று எடுக்கும், ஆனால் கிட்டே போய் நிற்க வேண்டும். மற்றது நீள ஜூம். எட்ட நின்றே முகத்தை இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். அவள் வசதிக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும்.

கடையில் நின்றபடியே ராயப்பனுக்குப் போன் போட்டாள். இருவரும் ஆறு வருஷம் ஒரே ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள். அவர் வீடியோ, இவள் புகைப்படம். ஒருவர் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தால் பாதி மற்றவருக்கு. இப்போது அவரும் தனியாகக் கடை வைத்து, வீடியோவோடு புகைப்படமும் எடுத்துவந்தார்.

"அண்ணே, விண்ணரசி அக்கா வீட்டுக் கல்யாணம் எனக்கு வரும்போல இருக்கு. ஐம்பது வாங்கட்டா, ஜூம் வாங்கட்டா?"

ராயப்பன், "ஐம்பதை எடு பிள்ளே. உன் வேலைக்கு அதுதான்" என்றார்.

அவள் மறுபேச்சில்லாமல் வாங்கினாள். மைதீன் பாய் மட்டும், "இன்னொரு தடவ யோசிச்சுக்கிடும்மா" என்று முனகினார்.

ஞாயிற்றுக்கிழமை விண்ணரசி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "கோயில்ல இப்ப புதுச் சட்டம். பீடத்துப் பக்கத்துல யாரும் கேமராவோட போகக்கூடாது. பின்னால, பாட்டுக்காரங்க நிக்கிற மாடியில இருந்துதான் எடுக்கணும். உன்னக் கூப்பிட்ட அன்னைக்கே சாயங்காலம் ராயப்பன் தம்பி ஃபாதர்ட்ட விசாரிச்சு வந்து சொன்னாரு. உன்கிட்ட தூரத்து லென்ஸ் இருக்கா?"

"இல்லக்கா."

"அவர்ட்ட இருக்காம். நீ வாங்குத கூலிக்கே எடுக்கேன்னு சொல்லுதாரு. தாலி கட்டுறது ஒருதரந்தானே பிள்ளே, தப்பா நினைக்காத."

ஜெயசீலி நேரே மைதீன் பாய் கடைக்குப் போனாள். ஜூம் இருந்த இடம் காலியாக இருந்தது. மைதீன் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "நீ வர்றதுக்கு முந்துன நாளே அவரு வந்து பார்த்துட்டுப் போனாரும்மா. நீ போன கையோட வந்து வாங்கிட்டாரு. ஒருத்தர் வியாபாரத்த இன்னொருத்தர்ட்ட நான் எப்படிச் சொல்ல?"

அங்கிருந்து ராயப்பன் கடைக்கு நடந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"நான் சொன்னதுல ஒரு பொய் காட்டு" என்றார். "நீ எடுக்கது எல்லாம் சின்ன வீட்டுக்குள்ள. அதுக்கு ஐம்பதுதான் சரி. வேற யார்ட்ட கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. சின்ன விசேஷம் பூரா உன் குறைஞ்ச கூலிக்குப் போயாச்சு. கல்யாணமும் போனா நான் கடையப் பூட்டணும்."

பொய் சொல்லியிருந்தால் ஜெயசீலி சண்டை போட்டிருப்பாள். அவர் சொன்னது எல்லாமே உண்மையாக இருந்தது. படியிறங்கினாள்.

வாக்குப்போலச் சொன்னதை மாற்றிக்கொண்டவள் ஒருத்தி. தெரிந்தும் வாயைத் திறக்காதவர் ஒருவர். உண்மையை மட்டுமே சொன்னவர் ஒருவர். இந்த மூவரில் ஜெயசீலிக்குத் துரோகம் செய்தது யார்?

விடை: ராயப்பன்தான். விண்ணரசி மகளின் தாலிகட்டு படத்தில் விழ வேண்டும் என்று நினைத்தாள், காரணத்தையும் நேரிலேயே சொன்னாள். மைதீன் பாய் இரண்டு பேருக்கும் வியாபாரி, யாருக்கும் அவர் நண்பரில்லை. ஜெயசீலி யோசனை கேட்டது ராயப்பனிடம் மட்டுமே. அவள் கேட்டதோ அந்த ஒரு கல்யாணத்துக்கு. அவர் மற்ற நாட்களுக்கான பதிலைச் சொல்லி, மாடியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதை மறைத்துவிட்டார். பிழைப்பு கஷ்டம் என்றால் எதிரே நின்று போட்டி போட்டிருக்கலாம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு ராயப்பன் போன் செய்தார். ஜெயசீலி எடுத்து வாழ்த்துச் சொன்னாள். கையில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டார். தை மாதத்துக்கு இரண்டு கல்யாணங்கள் பேசி முடித்திருந்தவள், "ஒண்ணும் இல்லண்ணே" என்றாள். அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.