கடைமடை வரை

நெடியாறு இரண்டு நாட்டுக்கும் பொது. அணை மட்டும் மேல்நாட்டுக்குச் சொந்தம்.

அந்த அணையின் மதகுகளைப் பார்த்துக்கொண்டவர் சேந்தன். ஐம்பது வயதுக்காரர். அணைக்குச் சற்றுக் கீழே, கரைமேட்டில் குடிசை போட்டிருந்த மலையம்மைக்கு அவர் சீடர். மலையம்மைக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் அவளைத் தாயே என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

அன்று காலை அவர் மழையில் நனைந்துகொண்டே வந்தார். தோளில் ஒரு பழைய சேலை கிடந்தது. இரண்டு முனையும் சேர்த்து முடிச்சுப் போட்ட சேலை.

மலையம்மை சோறு வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியறீங்களா அண்ணே?"

"கீழே வைக்க மனசு வரல தாயே."

அது ஒரு பிள்ளையின் தூளி.

போன வருஷம் கோடையில், கீழ்நாட்டுக்கு ஒரு சொட்டு விடக்கூடாது என்று அரசர் உத்தரவு போட்டார். சேந்தன் ஐந்து மதகையும் இறக்கினார். கீழே ஆறு வெறும் மணலாய்ப் போயிற்று. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் முதல் ஊர் ஊற்றுமணல். அந்த ஊர்ப் பெண்கள் ஆற்றுக்குள்ளேயே இறங்கி ஊற்றுத் தோண்டினார்கள். ஊற ஊறச் சிரட்டையால் மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகும். கைப்பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வர முடியும்? மணலிலேயே கம்பு நட்டு, தூளி கட்டிப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு மலையில் மழை பிடித்தது. அணை நிரம்பியது. சேந்தன் மதகுகளைத் தூக்கினார்.

ஊற்றுமணலில் அன்று நல்ல வெயில். தண்ணீர் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒன்பது பெண்கள் வெள்ளத்தோடு போனார்கள். நாலு குழந்தைகள். கொஞ்ச நாள் கழித்து அந்த ஊர்க்காரர்கள் ஒரு தூளிச் சேலையைக் கொண்டுவந்து எல்லைக்கல்லில் கட்டிவிட்டுப் போனார்கள். முடிச்சு அவிழாமல் இருந்தது. சேந்தன் அதை எடுத்து வந்தார்.

சேந்தன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தாயே, ஒண்ணு கேக்கணும். என் மேல குத்தம் உண்டா?"

"அரண்மனையில என்ன சொன்னாங்க?"

"இல்லைன்னாங்க. சால்வை போர்த்தினாங்க."

"அப்புறம் என்ன?"

"தூக்கம் வரல."

அவள் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"சட்டப்படிதான் செஞ்சேன் தாயே. மதகைத் திறக்குமுன் கடைமடை வரை தமுக்கடித்துச் சொல்லவும். ஓலையில அப்படித்தான் இருக்கு. தமுக்குக்காரன் கூத்தன் போய் அடிச்சிட்டு வந்தான். நம்ம கடைமடை நாணல்பட்டி. எல்லைக்கல் வரைக்கும் ஒரு வீடு விடல."

"கடைமடைன்னா என்ன அண்ணே?"

"என்ன தாயே இப்படிக் கேக்கறீங்க. தண்ணி போய்ச் சேர்ற கடைசி இடம்."

"நாணல்பட்டியில போய்த் தண்ணி நின்னுடுதா?"

சேந்தன் தோளில் கிடந்த சேலையின் முடிச்சைத் தடவினார்.

சோறு வெந்துவிட்டது. மலையம்மை பானையை இறக்கி, மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூரையின் இறவாணத்துக்கு வெளியே கஞ்சியை வடிக்கப் போனாள். சரிக்குமுன் வேலிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்.

"சுடுகஞ்சி ஊத்தறேன், தள்ளிக்கோ. சுடுகஞ்சி, தள்ளிக்கோ."

கொஞ்சம் பொறுத்தாள். பிறகு சரித்தாள். கஞ்சி ஆவி பறக்க வேலிக்கு அடியில் ஓடி மறைந்தது.

"வீட்டுல நண்டும் சிண்டுமா ஓடினா சொல்றது சரி. இங்கே யாருக்குத் தாயே சொன்னீங்க?" என்றார் சேந்தன்.

"மழையில்லையா. வேலிக்கு அந்தப் பக்கம் தவளை இருக்கும்."

"தவளைக்கு நம்ம பேச்சு புரியுமா?"

"புரியாது."

"பின்னே எதுக்கு?"

"ஊத்தறது நான்தானே அண்ணே."

குடிசைக்கு வெளியே ஆறு அடங்கிக் கிடந்தது. மேலே அணை அதைப் பிடித்து வைத்திருந்தது.

அணைச் சுவரில் ஒரு யானை செதுக்கியிருந்தார்கள். தண்ணீர் யானையின் கண்ணைத் தொட்டால் மதகைத் திறக்க வேண்டும். தொடாமல் திறந்தால் தண்டனை. தொட்டும் திறக்காவிட்டால் அணை உடையும், இரண்டு நாடும் போகும்.

"தண்ணி தும்பிக்கை முழுக்க ஏறிடுச்சு தாயே. உச்சிப்பொழுதுக்குக் கண்ணைத் தொடும். இந்த வருஷமும் கோடை முழுக்க அடைச்சுத்தான் வச்சிருந்தோம். இந்த வருஷமும் அவங்க மணல்லதான் இருப்பாங்க. வேற தண்ணிக்கு எங்கே போவாங்க?"

"சொல்லி அனுப்புங்க."

"எல்லைக்கல்லைத் தாண்டினவன் துரோகின்னு புது உத்தரவு. தாண்டினா தலை இருக்காது. கூத்தனுக்கு மூணு பிள்ளைங்க. அவனை எப்படி அனுப்புவேன்?"

மலையம்மை இலையைப் போட்டாள். சோற்றை வைத்தாள்.

"சாப்பிடுங்க அண்ணே."

சேந்தன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அடங்குமட்டும் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"வந்து சாப்பிடறேன் தாயே" என்றார்.

சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவள் அந்த இலையை எடுக்கவில்லை. மேலே இன்னொரு இலையை மட்டும் மூடி வைத்தாள்.

மூன்றாம் நாள் கூத்தன் வந்தான். கையில் தமுக்கு இல்லை. தமுக்கு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்றான்.

"உள்ளே வாங்க கூத்தண்ணே."

அவன் வரவில்லை. இறவாணத்துக் கீழே குந்திக்கொண்டான்.

"தண்ணி கண்ணைத் தொட்டதும் மதகைத் தூக்குங்கன்னு ஆளுங்ககிட்டச் சொல்லி வச்சிட்டு வந்து, தமுக்கைக் குடுடான்னாரு தாயே. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஐயா, உங்களுக்கு மதகு தூக்கத்தான் வரும், நீங்க தமுக்கடிச்சா கழுதைகூடத் திரும்பிப் பார்க்காதுன்னேன். கழுதை பார்க்காட்டி போகுது, நீ எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நில்லுன்னாரு. நின்னேன். எல்லாத்தையும் பார்த்தேன்."

"சொல்லுங்க."

"கல்லைத் தாண்டினாரு. கரைமேல நின்னு அடிச்சாரு. வெள்ளம் வருது, மேடேறுங்க, மேடேறுங்கன்னு கத்தினாரு. மணல்ல ஊரே இருந்துச்சு தாயே. யாரும் அசையல. தலைக்கு மேல வெயில் சுடுது, எங்கே வெள்ளம்னு கேட்டுச் சிரிச்சாங்க. தண்ணி கேட்டு அழுதப்ப வராத பயல், இப்ப மோளம் தட்டிக்கிட்டு வந்துட்டான்னு ஒருத்தன் ஏசினான். ஊற்றைப் பறிக்க வந்திருக்கான், ஏமாந்துடாதீங்கன்னான் இன்னொருத்தன்."

"அப்புறம்?"

"ஒரு பொம்பள நிமிர்ந்து பார்த்தா. குடத்தை அப்படியே போட்டுட்டா. அது என் தூளி, அது என் பிள்ளையோட தூளின்னு கத்தினா."

மலையம்மை அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"போன வருஷம் நிறைஞ்ச குடத்தை வீட்டுல வைக்கப் போயிருந்தாளாம். வர்றதுக்குள்ள எல்லாம் போயிருச்சு. அவதான் முதல் கல்லை எடுத்தா. மதகுக்காரன்டா, இவன்தான்டான்னு ஊரே எழுந்திரிச்சுது. ஐயா ஓடியிருக்கலாம் தாயே. நாலு எட்டு வச்சா கல்லுக்கு இந்தப் பக்கம். வாங்கய்யா, வாங்கய்யான்னு கெஞ்சினேன். என்னைப் பார்த்தாரு. தூளியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சாரு, எல்லாருக்கும் தெரியற மாதிரி. அவங்களைப் பார்த்தபடியே பின்பக்கமா நடந்து மேடேறினாரு. அடிக்கறதை நிறுத்தல."

"அவங்க?"

"விரட்டிக்கிட்டே ஏறினாங்க. உச்சி மேட்டுல வளைச்சுக்கிட்டாங்க. தமுக்குச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. தமுக்கு மட்டும் உருண்டு மணல்ல விழுந்துச்சு. அதை எடுக்க ஒருத்தன் இறங்கப் பார்த்தான். அப்பதான் தண்ணி வந்துச்சு."

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

"கையில கல்லோட அப்படியே நின்னாங்க தாயே. அந்தப் பொம்பள தூளியை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தா."

கூத்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அரண்மனையில அவர் பேரை ஓலையிலேர்ந்து சுரண்டிட்டாங்க. துரோகியாம். அந்தப் பக்கம் அவங்க அடிச்சே கொன்னாங்க. இந்தப் பக்கம் இப்படி. எதுக்குத் தாயே போனாரு? தொண்டை கிழியக் கத்தினாரே, அவர் சொன்னது ஒருத்தர் காதுலயும் ஏறலையே!"

மலையம்மை அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் சோறு கொதித்தது. இறக்கினாள். துணியால் மூடியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சுடுகஞ்சி ஊத்தறேன், தள்ளிக்கோ" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாள்.

கஞ்சி வேலிக்கு அடியில் ஓடி முடிந்தது. காலிக் கையோடு கூத்தன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூத்தண்ணே. மணல்ல தூளிங்க இருந்துச்சா?"

"இருந்துச்சு. எல்லாம் காலித் தூளி. கல்லெறிய வந்தவளுங்க பிள்ளையைக் கீழே விட்டுட்டா வருவாளுங்க? இடுப்புல வச்சுக்கிட்டேதான் எறிஞ்சாளுங்க."

"காதுல ஏறல" என்றாள் மலையம்மை. "கரையில ஏறிட்டாங்க."