அன்னக்கொடிக்கு மூடி இல்லை

மந்திக்குளத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் நோயைக் கண்டு பயப்படுவதில்லை. நோய் அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். பக்கத்துக் கட்டிடத்து நர்சிங் பள்ளியிலிருந்து நாலு பேர் வேலை பழக வருவார்களே, அவர்களைக் கண்டால்தான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வார்கள்.

நாலு பேருக்கும் தலைவி எஸ்தர்ராணி. வகுப்பில் முதல் மாணவி அவள்தான். அவளே முதல் என்றால் மற்றவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல. கோமளா, பவுன்தாய், துரைப்பாண்டி என்று பேரை மட்டும் சொல்லிவிடுகிறேன். துரைப்பாண்டி ஒருவன்தான் ஆண்பிள்ளை. புத்தியில் அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, நாலும் ஒரே படியில் அளந்தது.

பாடம் நடத்திய ஜெபமணி டீச்சர் நல்ல மனுஷி. பழகுவதற்கென்று பள்ளியில் ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. அதற்கு செல்வி என்று பேர். வயிற்றில் ஒரு மூடி. கொக்கியைத் தள்ளினால் திறக்கும். உள்ளே ஈரல், இரைப்பை, குடல் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். இடது பக்கத்துச் சிறுநீரகத்தை மட்டும் போன வருஷத்துப் பிள்ளைகள் தொலைத்துவிட்டார்கள். அந்த இடம் காலியாக இருக்க வேண்டாமே என்று டீச்சர் பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ஸ்பாஞ்சை வெட்டி வைத்திருந்தார். பரீட்சையில் சிறுநீரகம் எப்படி இருக்கும் என்று கேட்டபோது நாலு பேரும் ஒரே பதில் எழுதினார்கள்: வலது பக்கத்தது அவரை விதை மாதிரி, இடது பக்கத்தது சட்டி தேய்க்கிறது மாதிரி.

முதல் நாளே டீச்சர் சொன்னார். "இவ பேர் செல்வி. நல்ல ஆரோக்கியமான பொண்ணு. பொம்மைன்னு நினைக்காதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அனுமதி கேட்டுட்டுத்தான் தொடணும்."

கேட்டார்கள். செல்வி பேசவில்லை. டீச்சர் சாப்பிடப் போய், கொஞ்சம் கண்ணயர்ந்து, டீயும் குடித்துவிட்டு வந்தார். நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"செல்வி இன்னும் ஒண்ணும் சொல்லல டீச்சர்" என்றாள் எஸ்தர்ராணி.

டீச்சருக்குத் தலைவலி. "வாயைத் திறக்கலைன்னா சம்மதம்னு எடுத்துக்கங்களேன்."

"பேசினா டீச்சர்?" என்றான் துரைப்பாண்டி.

"பேசினா சம்மதம் இல்லன்னு எடுத்துக்க. ஆளை விடு."

சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர்கள் மறக்கவில்லை.

அப்படியே மற்றப் பாடங்களும் நடந்தன. செல்வியின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கும், அங்கேதான் நாடி. தொட்டுப் பார்த்தார்கள், துடிப்பு இல்லை, இல்லை என்று எழுதினார்கள். இல்லாததை இருப்பதாக எழுதாமல் விட்டதற்கு டீச்சர் பாராட்டினார். கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தார்கள், எண்ணே வரவில்லை. செல்வியின் ரப்பர் கெட்டி, ஊசி வளைந்துகொள்ளும். அதனால் பக்கத்தில் ஒரு சாத்துக்குடியை வைத்து அதில் குத்தப் பழக்கினார். பாடம் முடிந்ததும் செல்வியைத் துடைத்து, போர்த்தி, வலைக்கதவு போட்ட அலமாரியில் நிறுத்திப் பூட்டச் சொன்னார். ஆக, ஆரோக்கியமான மனுஷி என்றால் எப்படி இருப்பாள் என்பது நாலு பேருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் அன்னக்கொடி அங்கே படுத்திருந்தாள்.

அன்னக்கொடி பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை போட்டிருப்பவள். காய்ச்சலும் வாந்தியுமாகச் சேர்ந்து, இப்போது குணமாகி, ஆஸ்பத்திரிச் சாம்பாரைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். மறுநாள் காலையில் ஆலங்குறிச்சியில் அவள் மகள் கனகாவுக்கு வளைகாப்பு. பெற்றவள் கையால் முதல் வளையல் ஏற வேண்டும். வரவில்லையென்றால் சம்பந்தி மீனாம்பாள் அதைப் பேரப்பிள்ளை கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டுவாள். அந்த மாதிரி வாய்.

டாக்டர் காலையில் வந்தார். "எல்லாம் நார்மலா இருந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். ஒரு ஊசி பாக்கி இருக்கு, அதையும் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போனார். வார்டு நர்ஸ் பிரசவ அறைக்கு ஓடினாள். டீச்சருக்கு வேறெங்கோ கூட்டம். அன்னக்கொடியின் புருஷன் தவசி, வெளியே ஆட்டோ பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். மிச்சம் நாலு பேர்.

முதலில் கை கழுவப் போனார்கள். கழுவின கையால் நோயாளியைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்பது பாடம். கழுவி முடிப்பதற்குள் காற்றில் கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் ஆளைக் காணோமே என்று அன்னக்கொடியே எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நாலு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு, திரை விலகக் காத்திருக்கும் பக்தர்கள் மாதிரி நின்றார்கள்.

"ஏத்தா, கதவைத் திறந்துட்டு வர வேண்டியதுதான?"

"கழுவிட்டோம்மா" என்றாள் பவுன்தாய்.

படுக்கைக்கு வந்ததும் எஸ்தர்ராணி முறைப்படி ஆரம்பித்தாள். "அன்னக்கொடி அம்மா, உங்களைத் தொட்டுப் பார்க்கலாமா?"

"பாரு தாயி."

நாலு பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"பாருன்னுதான சொல்றேன்."

இன்னும் ஓரடி போனார்கள். "சம்மதம் இல்லையாம்" என்றாள் கோமளா வருத்தமாக.

"ரொம்பப் பிடிவாதமா மறுக்கிறாங்க" என்றான் துரைப்பாண்டி.

அன்னக்கொடி வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் வாசல்வரை போய்விட்டார்கள். கடைசியில் தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்க வாயை மூடினாள். உடனே நாலு பேரும் ஓடி வந்து வேலையை ஆரம்பித்தார்கள்.

கோமளா வயிற்றைத் தடவினாள், விலாவைத் தடவினாள், முதுகுப் பக்கம் கையை விட்டுத் தேடினாள்.

"என்னடி தேடுற?"

"கொக்கி எங்கம்மா இருக்கு?"

"என்ன கொக்கி?"

"மூடியைத் திறக்கத்தான்."

"நான் என்ன குக்கராடி?" என்றாள் அன்னக்கொடி.

மூடி இல்லாமலே பிறந்திருக்கிறாள், பாவம், என்று ஆளாளுக்கு முகத்தைத் தொங்கப்போட்டார்கள். மணிக்கட்டில் சிவப்புப் புள்ளியும் இல்லை. அன்னக்கொடி அறைய ஓங்கிய கையைப் பவுன்தாய் பிடித்தாள். பிடித்தவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இவங்க கைக்குள்ள என்னமோ அடிக்குது."

எஸ்தர்ராணியும் தொட்டுப் பார்த்தாள். "ஆமா. நிக்காம அடிக்குது. செல்விக்கு இப்படி ஒருநாளும் அடிச்சதில்லயே."

தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியது. செல்விக்கு எண்ணே வராது. இவளுக்கோ நூற்றுக்கு ரெண்டுதான் குறைவு. காய்ச்சல் கொதிக்கிறது என்று முடிவு கட்டி, ரெண்டு வாளித் தண்ணீரில் துணியை நனைத்துத் தலை முதல் கால் வரை போட்டார்கள். அன்னக்கொடிக்குப் பல் தந்தியடித்தது. உதறல் வேறு வந்துவிட்டது என்று இன்னொரு வாளி கொண்டுவந்தார்கள்.

"சரி, ஊசியைப் போட்டுட்டு விடுங்க" என்று கெஞ்சினாள்.

"சாத்துக்குடி எங்கம்மா?"

தவசியிடம் போய்க் கேட்டார்கள். அவன் ஏன் எதற்கு என்று கேட்டுப் பழக்கமில்லாதவன். போய் வாங்கி வந்தான். துரைப்பாண்டி பழத்தைக் கட்டிலோரம் வைத்து, பஞ்சால் துடைத்து, வலிக்காமல் மெதுவாகக் குத்தி மருந்தை இறக்கினான். குத்தின இடத்தைத் தேய்த்தும் விட்டான்.

"இதை இப்ப அவ சாப்பிடணுமா தம்பி?" என்றான் தவசி.

"தெரியல மாமா. பாடத்துல டீச்சர்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க."

ஆலங்குறிச்சிக்குப் போகிற பொழுது நெருங்கிக்கொண்டிருந்தது. அன்னக்கொடி அழுதாள், நகையைக் கழற்றித் தருகிறேன் என்றாள். நார்மல் ஆகாமல் போகக்கூடாது என்று துரைப்பாண்டி வாசலை மறித்துக்கொண்டான்.

"நார்மல்னா எப்படித்தான்டா இருக்கணும்?"

"செல்வி மாதிரிம்மா" என்றாள் எஸ்தர்ராணி. "பேசக்கூடாது. கண்ணைச் சிமிட்டக்கூடாது. வயிறு மேல கீழ போகக்கூடாது. கைக்குள்ள எதுவும் அடிக்கக்கூடாது."

பத்துப் பேர் பசியோடு கத்துகிற கடையை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவள் அன்னக்கொடி. இந்த நாலு பேரைச் சமாளிக்க முடியாதா? மல்லாந்து படுத்து விட்டத்தை முறைத்தாள். மூச்சைச் சின்னதாக விட்டாள். தெர்மாமீட்டரை ஈரத்துணிக்கு மேலேயே இடுக்கிக்கொண்டாள். முழங்கையில் ஒரு மச்சம் இருந்தது, அதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். புள்ளி கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக மச்சத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் அடிக்கவில்லை.

ஆபரேஷன் அறைக் கதவிடுக்கில் டாக்டர் கேட்டார். "எல்லாம் நார்மலா?"

"பூரா நார்மல் டாக்டர்."

"அப்ப வீட்டுக்கு அனுப்புங்க."

அன்னக்கொடியைத் துடைத்து, போர்த்தி, தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ஆட்டோவுக்குத்தான் போகிறோம் என்று அவளும் சிமிட்டாமல் கிடந்தாள். வண்டி பள்ளிக்குள் போய் செல்வியின் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது.

"நார்மலா இருக்கிறவங்களை வீட்டுக்கு அனுப்பணும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் கோமளா.

"நார்மலா இருக்கிறவங்களை அலமாரியில வைக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள் பவுன்தாய்.

துரைப்பாண்டி கன்னத்தில் கை வைத்து யோசித்தான். "பெரியவங்க ரெண்டு பேர் சொல்லையும் தட்டக்கூடாது. நம்மகிட்டயும் ரெண்டு நார்மல் இருக்கு. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு அலமாரிக்கு."

"எது எங்க?"

"அவங்களையே கேட்போம். அன்னக்கொடி அம்மா, வீட்டுக்குப் போறீங்களா?"

"போறேன்டா, பாவி" என்று துள்ளி எழுந்தாள் அன்னக்கொடி.

"சம்மதம் இல்லையாம். செல்வி, நீ வீட்டுக்குப் போறியா?"

செல்வி ஒன்றும் சொல்லவில்லை.

கத்தக் கத்த அன்னக்கொடியை அலமாரிக்குள் நிறுத்திப் பூட்டினார்கள். காற்றுப் படக்கூடாது என்று தலையோடு போர்த்தி செல்வியை ஆட்டோவில் ஏற்றினார்கள். தவசி முன்சீட்டில் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் ஒரு வசவுகூட வரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே போனான்.

முட்டாள்கள் நர்சிங் பள்ளியில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆலங்குறிச்சியில் செல்வியை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மணையில் பூவும் பட்டுமாகக் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்த கனகா, அம்மாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீனாம்பாளுக்கோ வாயெல்லாம் பல். "சம்பந்தி இந்தத் தடவை எவ்வளவு மரியாதையா இருக்காங்க. சீர்த்தட்டுல எனக்குப் பிடிக்காததைச் சொன்னேன், மறுபேச்சு இல்ல." வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் அடுக்கும்போது செல்விக்கும் ரெண்டு கை நிறைய அடுக்கிவிட்டார்கள். முதல் வளையலைக் கையில் கொடுத்தால்தான் பிடிக்கமாட்டேன் என்கிறாள். நல்லநேரம் போய்க்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு கூச்சல். காலையில் பெருக்க வந்தவள் அலமாரியைத் திறக்க, அன்னக்கொடி கசங்கின சேலையோடு கிடைத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள். நாற்காலியில் செல்வியைப் பார்த்தாள். தவசியைப் பார்த்தாள். தவசி தூணுக்குப் பின்னால் போனான்.

"நான்தான் பொண்ணைப் பெத்தவ" என்றாள்.

"வாயைக் கேட்டா அப்படித்தான் தெரியுது" என்றாள் மீனாம்பாள். "ஆனா இவங்க நேத்தே வந்துட்டாங்களே."

வீட்டுக்கு அனுப்பின நோயாளியை மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் ஒரு பாடம். அதன்படி நாலு பேரும் பந்தியில் கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். படித்த பிள்ளைகள், அவர்களே சொல்லட்டும் என்று ஊரே கூப்பிட்டது.

எஸ்தர்ராணி ரெண்டு பேரின் கையையும் பிடித்துப் பார்த்தாள். "இவங்க நார்மல். இந்த அம்மாவுக்குத்தான் மறுபடி அடிக்க ஆரம்பிச்சிருச்சு. நேத்தைக்கு மேல இன்னைக்கு ஜாஸ்தி. திரும்பக் கூட்டிட்டுப் போகணும்." முறைப்படி கேட்டாள். "அன்னக்கொடி அம்மா, ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

அன்னக்கொடி அலமாரிக்குள் நின்று யோசித்ததெல்லாம் வீண் போகவில்லை. பேச ஆரம்பித்தாள். இட்லி அரிசி விலையைப் பேசினாள், மாவு புளிக்காத கதையைப் பேசினாள், மீனாம்பாள் வீட்டுக் கேசரியில் நெய் இல்லாததைப் பேசினாள். நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, மறுத்து முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். அவள் நிறுத்தவே இல்லை. பேசிக்கொண்டே மணைக்குப் போனாள், பேசிக்கொண்டே மகள் கன்னத்தில் சந்தனம் பூசினாள், பேசிக்கொண்டே முதல் வளையலைப் போட்டாள். கனகா சிரித்துவிட்டாள். இது அம்மாதான்.

"செல்வி, நீயாவது வர்றியா?" என்றாள் கோமளா.

செல்வி வந்தாள்.

அடுத்த நாள் ஜெபமணி டீச்சர் பள்ளிக்கு வந்தபோது வகுப்பில் யாரும் இல்லை. தேடிப் போனால், ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நடுக்கட்டிலில் செல்வி, ரெண்டு கை நிறைய வளையலும் கன்னத்தில் சந்தனமுமாகப் படுத்திருந்தாள். வயிற்று மூடி திறந்திருந்தது. நாலு பேரும் கையைக் கழுவித் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி இது?" என்றார் டீச்சர்.

"வளைகாப்பு முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றாள் எஸ்தர்ராணி மெல்லிய குரலில். "செல்வி மாசமா இருக்கான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லல. திறந்து பார்த்துட்டோம். குழந்தை இடது பக்கமா இருக்கு, கொஞ்சம் மஞ்சளா இருக்கு. வலி வந்துருச்சான்னு காலையிலேர்ந்து கேட்கிறோம், வாயே திறக்கல."

"அப்ப வந்துருச்சு" என்று சொல்லி, துரைப்பாண்டி சாத்துக்குடியைப் பஞ்சால் துடைத்தான்.