விலை சொல்லாத மூன்று கிண்ணங்கள்

கடல் இன்னும் ஒரு காத தூரம் உள்ளே தள்ளியிருந்த காலத்தில் செம்மணல்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. யவனர் கப்பல்கள் அங்கே வந்து சிவந்த திராட்சை மதுவைச் சாடி சாடியாக இறக்கும். அந்தச் சாடிகளில் எது அரண்மனைக்குள் போகலாம், எது போகக் கூடாது என்று சொல்ல ஒரே ஒரு மனிதன் இருந்தான். அவன் பெயர் அந்துவன்.

அந்துவன் ஒரு வாய் உறிஞ்சினால் போதும். எந்த நாட்டுக் கொடி, எத்தனை வயது, எந்த மரத்துப் பிசின் பூசிய சாடி என்று சொல்லிவிடுவான். அரசனே அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தை எடுப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு கார்காலத்தில் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் கிடந்தான். பன்னிரண்டாம் நாள் எழுந்தபோது காய்ச்சல் போயிருந்தது. கூடவே நாக்கின் ருசியும் போயிருந்தது. தேனும் தண்ணீர், மோரும் தண்ணீர், மதுவும் தண்ணீர்.

நாளைக்கு வந்துவிடும் என்று இருந்தான். வரவில்லை. அடுத்த மாதம் வந்துவிடும் என்று இருந்தான். வரவில்லை. அதற்குள் ஒரு கப்பல் வந்துவிட்டது.

வணிகன் கிண்ணத்தை நீட்டினான். இதுவரை கேட்டறியாத ஒரு கேள்வி அன்று அந்துவன் வாயிலிருந்து வந்தது.

"என்ன விலை?"

"சாடிக்கு எண்பது பொற்காசு."

அந்துவன் உறிஞ்சினான், கண்ணை மூடினான், "அருமை" என்றான். யாரும் சந்தேகப்படவில்லை.

அன்று பிடித்ததுதான் அந்தப் படபடப்பு. உட்கார்ந்தால் எழுவான். எழுந்தால் நடப்பான். துறைக்குப் போவான், பாதி வழியில் திரும்புவான். யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தெரிந்துவிட்டதோ என்று திடுக்கிடுவான். ஆனால் கப்பல் வரும்போதெல்லாம் விலையைக் கேட்டான். கூடிய விலைக்குப் புகழ்ச்சி, குறைந்த விலைக்கு முகச்சுளிப்பு. பிழைப்பு ஓடியது.

இப்படி இருக்கையில், மேற்கு மலையிலிருந்து எயினி என்று ஒரு பெண் வந்தாள். யவனன் ஒருவன் விட்டுப்போன திராட்சைக் கொடியை மலைச்சரிவில் வளர்த்து, தானே பிழிந்த மதுவைத் தலையில் சுமந்து வந்திருந்தாள்.

"என்ன விலை?"

"சாடிக்கு ஒரு காசு, ஐயா."

அந்துவன் உறிஞ்சினான். வாயில் ஈரம் மட்டும் இருந்தது. "புளிக்கிறது. எடுத்துப் போ."

அடுத்த வருஷமும் வந்தாள். "சாடிக்கு ஒரு காசு, ஐயா."

"கசக்கிறது. எடுத்துப் போ."

மூன்றாம் வருஷமும் வந்தாள். "சாடிக்கு ஒரு காசு, ஐயா."

"மண் வாடை. எடுத்துப் போ."

இந்த முறை எயினி நகரவில்லை. "ஐயா, அதே கொடி, அதே மண், அதே கை. ஒரு வருஷம் புளிப்பு என்றீர்கள், ஒரு வருஷம் கசப்பு என்றீர்கள், இப்போது மண் வாடை என்கிறீர்கள். குறை எது என்று நிலையாக ஒன்றைச் சொன்னால் திருத்திக்கொள்வேன்."

அந்துவன் சாளரத்தைப் பார்த்தான்.

"மறுபடி இதைச் சுமந்து மலையேற எனக்குத் தெம்பில்லை" என்று சாடியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள் எயினி. பண்டசாலைக்காரன் அதை ஒரு மூலையில் தள்ளி வைத்தான்.

அன்று மதியம் அந்துவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றபடியே கஞ்சியைக் குடித்து முடித்தான். அவன் மனைவி வெண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி எப்படி இருந்தது?"

"நன்றாக இருந்தது."

"கை தவறி மூன்று பிடி உப்புப் போட்டுவிட்டேன். என்னால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை."

அந்துவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். "யாரிடமும் சொல்லிவிடாதே" என்று கெஞ்சினான்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் வெண்ணி. "நாக்கு போனது உங்கள் குற்றமா? இல்லையே. ஆனால் அந்த மலைக்காரியை எந்த நாக்கால் விரட்டினீர்கள்?"

அந்துவன் எழுந்து நடக்கத் தொடங்கினான்.

அந்த மாதமே பட்டினத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. இருபது வருஷமாகச் சண்டையிட்ட மேட்டுநாட்டு அரசன் சமாதானத்துக்கு இசைந்து விருந்துக்கு வந்தான். இரண்டு அரசர்களும் ஒரே கிண்ணத்தில் மது அருந்தினால் போர் முடிந்தது என்று பொருள். அதற்காகவே சாடிக்கு நூறு பொற்காசு கொடுத்துப் பன்னிரண்டு சாடி வாங்கியிருந்தார்கள். அந்துவன் ஏற்கெனவே அதைப் புகழ்ந்திருந்தான்.

சபை கூடியது. மேட்டுநாட்டு அரசன் சுற்றிலும் பார்த்தான்.

"உங்கள் அந்துவனைப் பற்றி எங்கள் ஊரிலும் பேசுகிறார்கள். ஒன்று செய்யலாம். உங்களிடம் உள்ள சிவந்த மதுவில் மூன்று வகையை ஒரே மாதிரி மூன்று கிண்ணங்களில் ஊற்றச் சொல்லுங்கள். எது எந்த விலை என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்துவன் சிறந்ததைக் காட்டட்டும். அதையே குடிப்போம்."

கிண்ணங்கள் வந்தன. மூன்றும் ஒரே சிவப்பு.

அந்துவன் முதல் கிண்ணத்தை உறிஞ்சினான். தண்ணீர். இரண்டாவதை உறிஞ்சினான். தண்ணீர். மூன்றாவதை உறிஞ்சினான். தண்ணீர்.

அந்துவன் சபையை ஓரக்கண்ணால் பார்த்தான். நூறு காசுச் சாடியை விற்ற யவன வணிகன், ஊற்றும்போது அருகில் நின்றிருந்தவன், மூன்றாம் கிண்ணத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆகா, அதுதான்! சொல்லிவிட்டால் தப்பித்தான். 'மூன்றாவது' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அப்போதுதான் இரண்டு அரசர்களின் கைகளையும் கண்டான். இரண்டும் கிண்ணத்துக்காக நீண்டு காத்திருந்தன. அதில் விஷமே கலந்திருந்தாலும் தனக்குத் தெரியாதே என்ற நினைப்பு வந்தது. மூன்று வருஷமும் அப்படித்தானே இருந்தது என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"அரசே, எனக்குத் தெரியவில்லை" என்றான்.

"என்ன சொல்கிறாய்?"

"என் நாக்கு செத்து மூன்று வருஷம் ஆகிறது. விலையைக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை நாள் ருசி சொன்னேன்."

மேட்டுநாட்டு வீரர்கள் வாளின் பிடியில் கை வைத்தார்கள். செம்மணல்துறை அரசனின் முகம் கறுத்தது. அந்துவன் இரண்டு கையையும் கூப்பினான். "என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அதற்கு முன்னால் ருசி தெரிந்த யாராவது இதைக் குடித்துப் பார்க்கட்டும். விலையை மட்டும் சொல்லாதீர்கள்."

மூன்று பேரை அழைத்தார்கள். அரண்மனைச் சமையற்காரி, யானைப்பாகன், மேட்டுநாட்டுத் தளபதி.

மூன்றாம் கிண்ணத்தைச் சமையற்காரி துப்பினாள். "உப்பு! கடல் தண்ணீர்!" பாகன் இருமினான். தளபதி கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

இரண்டாவதைக் குடித்து மூவரும் "பரவாயில்லை" என்றார்கள்.

முதல் கிண்ணத்தைக் குடித்த சமையற்காரி மறுபடி ஒரு வாய் குடித்தாள். பாகன் "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான். தளபதி மிச்சத்தையும் குடித்து முடித்தான்.

பண்டசாலைக்காரன் முன்னால் வந்தான். "மூன்றாவது, நூறு காசு. இரண்டாவது, பத்துக் காசு. முதலாவது... மலைக்காரி விட்டுப்போன சாடி. ஒரு காசு."

யவன வணிகன் பதறினான். "வழியில் புயல் அடித்தது. அடைப்பு கசிந்திருக்க வேண்டும். அந்துவரே புகழ்ந்தார் என்றுதானே நான் குடித்துப் பார்க்கவில்லை!"

மேட்டுநாட்டு அரசன் அந்துவன் பக்கம் திரும்பினான். "அந்தக் கடல் தண்ணீரை என் வாயில் ஊற்றியிருந்தால் அவமானம் என்று எழுந்து போயிருப்பேன். நாளைக்கே போர்" என்றான். பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தான். வாள்கள் உறைக்குள் போயின. முதல் கிண்ணம் மறுபடி நிறைந்தது. இரண்டு அரசர்களும் குடித்தார்கள்.

விருந்து முடிந்ததும் அரசன் அந்துவனை அழைத்தான். "நாக்கு போனதற்கு உனக்குத் தண்டனை இல்லை. அதை மறைத்ததற்கு உண்டு. இனி இந்த வாசலில் உனக்கு வேலை இல்லை."

அந்துவன் வணங்கிவிட்டு நேராக மேற்கு மலைக்கு நடந்தான். எயினியின் சரிவில் பாதிக் கொடிகள் இல்லை. வெட்டிய தூர்கள் மட்டும் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன ஆயிற்று, அம்மா?"

"நன்றாக இல்லை என்று நீங்கள்தானே மூன்று தடவை சொன்னீர்கள்? போன வாரம் வெட்டினேன். தினை விதைக்கலாம் என்று."

அந்துவன் நடந்ததைச் சொல்லி அவள் காலில் விழப் போனான். எயினி விலகிக்கொண்டாள். கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"விழுந்தால் கொடி முளைக்குமா? அதோ மண்வெட்டி."

அந்துவன் மண்வெட்டியை எடுத்தான். வெண்ணியும் மலையேறி வந்துவிட்டாள். புதுக் கொடி நட்டு, பந்தல் போட்டு, அது காய்க்க நான்கு வருஷம் ஆயிற்று. அந்தப் பழத்தின் ருசி கடைசி வரை அந்துவனுக்குத் தெரியவே இல்லை. யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது, நீங்களே தின்று பார்த்துச் சொல்லுங்கள்" என்பான்.

கேட்டவர்களே, இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசுகிறவன், பிறர் உழைப்பின் வேரையே வெட்டிவிடுகிறான்.