சந்தியாகப்பர் கோவிலின் வளைந்த சுவர்

அலை வந்து வாசலை நனைத்துவிட்டுப் போகிற ஒரு கரையில் ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊரில் கித்தேரியம்மா என்று ஒருத்தி, சிப்பி சுட்டு, சுண்ணாம்பு நீற்றி, அதை வைத்துப் பிழைத்தாளாம். துணைக்கு யாருமில்லை. சூளைதான் அவளுக்குச் சோறு, சூளையடிதான் வீடு.

அப்போது ஊர்க் காவல் புனிதரான சந்தியாகப்பருக்கு ஓலைக் கோவில்தான். கல்லுக் கோவில் கட்டுவோம் என்று ஊர் கூடிப் பேசி, பிலவேந்திரம் கொத்தனாரைப் பிடித்து, மணல் மேட்டில் அடித்தளத்துக்கு வானம் தோண்டி, கித்தேரியம்மாவின் சுண்ணாம்பில் சுவர் எழுப்பினார்களாம்.

வடக்குச் சுவர் இடுப்பளவு வந்தது, விழுந்தது. "சுண்ணாம்பு வேகலை" என்றான் கொத்தனார். அவள் சூளையை இன்னும் ஒரு நாள் கூடுதலாக எரித்தாள். மறுபடியும் எழுப்பினார்கள், மார்பளவு வந்தது, விழுந்தது. "சிப்பியில மண்ணு" என்றான். அவள் ஏழு கூடைச் சிப்பியையும் ஒவ்வொன்றாகக் கழுவினாள். மறுபடியும் எழுப்பினார்கள், ஆள் உயரம் வந்தது, விழுந்தது. அந்தத் தடவை ஒருத்தனுக்குக் காலே முறிந்துவிட்டது.

"இவ கைராசி அப்படி. சூளையை இடிச்சு இவளை ஊரைவிட்டு அனுப்புங்க, கோவில் தானா எழும்பும்" என்றான் கொத்தனார். ஊர்ப் பெரியவர் தொம்மையும் தலையாட்டினார். ஒரே ஒரு நாள் தவணை. நாளைக்குச் சூளை இருக்காது.

கித்தேரியம்மா கூட்டத்தில் வாய் திறக்காதவள். அன்றைக்கும் திறக்காமல், நேரே போய் விழுந்த சுவரை அடியடியாக அளந்தாள். இந்த மூலையிலிருந்து பதினெட்டு அடி நிற்கிறது. அந்த மூலையிலிருந்தும் பதினெட்டு அடி நிற்கிறது. நடுவில் ஒன்பது அடிதான் விழுந்திருக்கிறது. மூன்று தடவையும் அதே ஒன்பது அடி. நீங்களே சொல்லுங்கள் பிள்ளைகளா, சுண்ணாம்பு கெட்டால் இடம் பார்த்தா கெடும்?

ஓட்டமாக ஓடி, கோவிலில் பூசை வைக்கிற சாமியாரிடம் வந்தாள். "சாமி, நிக்கிற சுவரும் என் சுண்ணாம்புதான, விழுந்த சுவரும் என் சுண்ணாம்புதான? அந்த ஒம்பது அடிக்குக் கீழ என்ன கெடக்குன்னு தோண்டச் சொல்லுங்க."

"வேண்டாம் சாமி, வேண்டாம், வேண்டாம்!" என்று குறுக்கே வந்து நின்றான் கொத்தனார். மூன்றாவது 'வேண்டாம்' கேட்டதும் சாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மண்வெட்டியை எடுங்கப்பா" என்றார்.

தோண்டினால், ஒரு ஆள் உட்காரலாம் போலப் பெரிய பெரிய மண்தாழிகள்! கித்தேரியம்மா எண்ணினாள், பதினொன்று. என்றைக்கோ வாழ்ந்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த தாழிகள். கொத்தனார் வானம் தோண்டிய அன்றைக்கே பார்த்துவிட்டானாம். உள்ளே பொன் இருக்கும், ஆள் இல்லாத நேரத்தில் சுவரோரமாகச் சுரண்டி எடுத்துக்கொள்வோம் என்று மண்ணைத் தள்ளி மூடி, மேலேயே சுவரும் வைத்துவிட்டான். உள்ளே பொள்ளலான தாழி பாரம் தாங்குமா?

எட்டிப் பார்த்தால் எலும்பும் கறுத்த உமியும்தான். "என்ன கொத்தனாரே, உமியா தேறுச்சு? கோழிக்காவது ஆகுமா?" என்று பெண்கள் சிரித்தார்கள்.

"இவங்க நம்ம வேதத்துக்காரங்க இல்லை. கடல்ல கொட்டிட்டு வேலையைப் பாப்போம்" என்றார் தொம்மை.

அப்போதுதான் கித்தேரியம்மா கூட்டத்தில் முதன்முதலாக வாய் திறந்தாள். "என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயி இருபத்திரெண்டு வருசம். எந்தக் கரையில ஒதுங்குனாரோ. அந்தக் கரைக்காரங்க, 'இவன் நம்ம ஆளா'ன்னு கேட்டுக்கிட்டு நிக்காம, ஒரு பிடி மண்ணு போட்டிருப்பாங்கன்னு நெனச்சுத்தான் நான் கஞ்சி குடிக்கேன். இவங்களக் கடல்ல போட்டா, நாளையிலருந்து நான் எதை நெனச்சுக் குடிக்க?"

தொம்மை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சுவர் நகரட்டும். அவங்களும் உள்ளேயே இருக்கட்டும்" என்றார் சாமியார்.

பதினொரு தாழியையும் கொத்தனார் தன் கையாலேயே மணல் போட்டு மூடினான். பிறகு, நேராக வந்த சுவரை அந்த இடத்தில் வெளியே வளைத்து, தாழிகளைச் சுற்றிக் கட்டினான். பார்க்கிறவரெல்லாம், "இதைக் கோணலாக் கட்டுனது யாரு?" என்று கேட்க, கேட்டவர் ஒவ்வொருவரிடமும் நடந்ததை அவனே சொல்ல வேண்டும் என்பது ஊர் போட்ட தீர்ப்பு. கிழவனாகும் வரைக்கும் சொன்னானாம்.

அந்த வருசம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைக்குப் போக, கித்தேரியம்மா அந்த வளைவில் உட்கார்ந்து பதினொரு மெழுகுதிரி ஏற்றினாள். பன்னிரண்டாவது திரியோடு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரென்று பார்த்தால் தொம்மை. அவர் மகனும் கடலிலிருந்து திரும்பாதவன்தானாம். "ஏத்துங்க பெரியவரே" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

கோவிலும் நின்றது, சூளையும் புகைந்தது. நம் கதையும் கரையேறிவிட்டது, கண்ணை மூடுங்கள்.